ஒளிநாரிற் செல்லும் செய்தியும் அதன் திரிபு தீர்க்கும் முறையும்

கல்லூரி விழா மலருக்குத் தமிழாசிரியரிடம் கட்டுரை கேட்டால் இலக்கியக் கட்டுரையே வரும் என்று பழைய மாணவர் எதிர்பார்ப்பது இயல்பு. அதற்கு மாறாக விஞ்ஞானப் பொருளொன்றை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் கரையோரக் கோயிலொன்றின் திருவிழாவிற்குச் சென்றிருந்தேன். வீதி நெடுகக் கம்பந்தோறும் ஒலிபெருக்கி கட்டியிருந்தனர். கூட்டத்தில் வழிதவறிய சிறுமியொருத்தி கோயில் வாயிலில் இருப்பதாக அறிவித்தார்கள். தாயோ வீதியின் நடுவே நின்றாள். ஓசை அவள் செவியில் விழுந்தது, சொல் விழவில்லை. அண்மையிலுள்ள ஒலிபெருக்கியின் குரல் முன்னே வர, தொலைவிலுள்ளவற்றின் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து அதன்மேல் ஏறின. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் தூரமே செல்லும். ஆகவே 170 மீற்றருக்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கியின் குரல் அரை வினாடி பிந்தியே வந்துசேரும். அதற்குள் அறிவிப்பவர் இரண்டு மூன்று அசை கடந்துவிடுகிறார். ஒலிபெருக்கிக்காரர் ஓசையைக் கூட்டினார், குழப்பமும் கூடிற்று. ஈற்றில் முதியவரொருவரின் சொற்படி, தொலைவிலுள்ளவற்றை நிறுத்திவிட்டு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அறிவித்த பின்னரே தாய் மகளை நோக்கி ஓடினாள்.

இந்நிகழ்ச்சியை, தொலைத்தொடர்புத் துறையிற் பணிபுரியும் நம் பழைய மாணவரொருவரிடம் பின்னொருநாள் கூறினேன். அவர் நகைத்து, "சேர், கடலுக்கடியில் நாங்கள் நாள்தோறும் தீர்க்கின்ற வழக்கும் இதுதான்" என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும், அதன்பின் யான் தேடிக் கற்றவற்றையும் நம்மவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரைச்சலும் திரிபும்

செய்தியொன்று கெடுவது இருவகையால் நிகழும். ஒன்று இரைச்சல். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரையின்கீழ்ப் பாடம் நடத்தும் ஆசிரியர் இதனை நன்கறிவர். மழையின் ஓசைக்கு ஒழுங்கில்லை. அடுத்த கணத்தில் அது எவ்வாறிருக்கும் என்று எவராலும் கூறவியலாது. மற்றது திரிபு. திருவிழாவில் நிகழ்ந்தது திரிபு. அங்கே அயலோசை எதுவும் வந்து புகவில்லை. சொல்லியவரின் குரலே முன்பின்னாக வந்து தன்னைத் தானே கெடுத்துக்கொண்டது. கம்பங்களின் தூரத்தை அறிந்த ஒருவர், எக்குரல் எவ்வளவு பிந்தும் என்று கணக்கிட்டுக் கூறிவிடலாம்.

இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்க. இரைச்சலுக்கு விதியில்லை, திரிபுக்கு விதியுண்டு. விதியுள்ளதை அவ்விதியை அறிந்தவன் மீட்டுவிடலாம்.

தந்திக் காலத்துப் பாடம்

இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி தொடங்கியது 1858 ஆம் ஆண்டில். அதே ஆண்டு ஓகஸ்து மாதத்தில் அத்திலாந்திக் பெருங்கடலின் அடியில், அயர்லாந்தையும் வட அமெரிக்காவையும் இணைக்கும் முதலாவது தந்தி வடம் இடப்பட்டது. விக்டோரியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதிக்கு விடுத்த வாழ்த்து 98 சொற்களைக் கொண்டது; அது சென்றுமுடிய ஏறத்தாழ 16 மணி நேரம் எடுத்தது.

காரணம் யாது? நீரில் மூழ்கிய நெடிய வடம் மின்னைத் தன்னகத்தே தேக்கிவைக்கும் இயல்புடையது. ஒரு முனையில் வெடுக்கென்று கொடுத்த மின்துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். அஃது அடங்குமுன் அடுத்த துடிப்பை அனுப்பினால் இரண்டும் கலந்துவிடும். வடத்தின் நீளம் இருமடங்கானால் இத்தாமதம் நான்மடங்காகும் என்பதனை, பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன் வடம் இடப்படுவதற்கு முன்னரே கணித்துக் கூறியிருந்தார். வடத்தின் மின்பொறுப்பாளராகிய வைற்ஹவுஸ் அதனை ஏற்கவில்லை. மின்னமுக்கத்தைக் கூட்டினால் செய்தி விரைந்து செல்லும் என எண்ணி, ஏறத்தாழ 2,000 வோல்ற்று வரை ஏற்றினார். சில வாரங்களில் வடம் பழுதுற்று மௌனமாயிற்று. திருவிழாவில் ஓசையைக் கூட்டியவரும் இவரும் செய்த பிழை ஒன்றே.

தொம்சனோ செவியைக் கூர்மையாக்க முனைந்தார். நுண்ணிய காந்தத்தோடு சிறு கண்ணாடியொன்றை ஒட்டித் தொங்கவிட்டு, மிக மெலிந்த மின்னோட்டமும் ஓர் ஒளிப்புள்ளியை அசைக்கும்படி அமைத்தார். உரத்து அனுப்புவதை விடுத்து நுணுகிக் கேட்கும் அம்முறையோடு, தடித்த செப்புக் கம்பியுடைய புதிய வடமும் சேர்ந்தபோது, 1866 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் தந்தி நிலைபெற்றது.

கண்ணாடி நார்

இன்று செய்தியைச் சுமப்பது செம்பன்று, கண்ணாடி. மயிரளவு தடிப்புள்ள தூய கண்ணாடி நாரொன்றின் நடுவே, ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்குக்கும் குறைந்த அகலமுடைய உள்ளகம் உண்டு. அதனுட் புகுந்த ஒளி வெளியேறமாட்டாது அதன் வழியே செல்லும். கண்ணாடியிலுள்ள மாசினை நீக்கினால் நெடுந்தூரத் தொடர்புக்கு நாரினைப் பயன்படுத்தலாம் என்பதை 1966 ஆம் ஆண்டிற் சார்ள்ஸ் காவோ என்பார் தம் துணைவர் ஒருவரோடு எடுத்துக்காட்டினார். அதற்காக 2009 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. இக்காலத்து நார்களில், ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சென்ற பின்னரும் ஒளியிற் பாதி எஞ்சியிருக்கும்.

நம் மாவட்டத்து மேற்குக் கரையில் நின்று கடலை நோக்குவோர், எதிர்க்கரையில் தூத்துக்குடி இருப்பதை அறிவர். 2006 ஆம் ஆண்டில் அத்தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையே ஏறத்தாழ 325 கிலோமீற்றர் நீளமான ஒளிநார் வடம் தொடக்கிவைக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 2005 இறுதியில், சிங்கப்பூரிலிருந்து பிரான்சு வரை ஏறத்தாழ 18,800 கிலோமீற்றர் செல்லும் 'தென்கிழக்காசியா – மத்திய கிழக்கு – மேற்கு ஐரோப்பா 4' என்னும் வடம் நிறைவெய்தியது. சென்னையும் கொழும்பும் அதன் கரையேறு துறைகளுட் சில. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் முகத்தை உடப்பிலோ முன்னேசுவரத்திலோ இருந்து கைத்தொலைபேசியிற் காணும் தாய்க்கு அக்காட்சியைக் கொணர்வன இத்தகைய கடலடி வடங்களே.

ஒளி ஏன் விரிகின்றது?

வெண்ணிற ஒளி அரியத்தினூடு செல்கையில் ஏழு நிறமாகப் பிரிவதைக் கீழ்வகுப்பிலேயே கற்றோம். கண்ணாடியில் எல்லா நிறமும் ஒரே வேகத்திற் செல்லாமையே அதற்குக் காரணம். நாரினுள் செல்லும் லேசர் ஒளி ஒரே நிறம் போலத் தோன்றினும், அதனை அணைத்தும் ஏற்றியும் செய்தி எழுதும்போது, நுண்ணிய நிறவேறுபாடு அதனுட் புகுந்துவிடுகின்றது. எவ்வளவு விரைவாக எழுதுகின்றோமோ அவ்வளவு வேறுபாடு மிகும். அவ்வேறுபட்ட கூறுகளுட் சில முந்தியும் சில பிந்தியும் சேர்வதால் ஒவ்வொரு துடிப்பும் அகன்று அயல் துடிப்பின் மேல் ஏறுகின்றது. இதுவே நிறப்பிரிகையால் நேரும் திரிபு. திருவிழா வீதியில் ஒரே குரலின் கூறுகள் முன்பின்னாக வந்ததை ஒப்புநோக்குக.

இனிச் சிறு கணக்கொன்று பார்ப்போம். ஒரு வினாடிக்கு 1,000 கோடி துடிப்பு அனுப்பினால், ஒரு துடிப்புக்குரிய காலம் 100 பிக்கோசெக்கன். ஒரு பிக்கோசெக்கன் என்பது ஒரு வினாடியின் இலட்சம் கோடியிலொரு பங்கு. கண்ணாடியில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், நாரினுள் ஒரு துடிப்பு பிடித்துக்கொள்ளும் இடம் 2 சென்ரிமீற்றர். பொதுவகை நாரில், ஒரு நனோமீற்றர் அலைநீள வேறுபாட்டிற்கு ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 17 பிக்கோசெக்கன் விரிவு உண்டாகும். மேற்கூறிய வேகத்தில் அலைநீள வேறுபாடு ஏறத்தாழ 0.08 நனோமீற்றர். ஆகவே 70 கிலோமீற்றரளவில் விரிவு 95 பிக்கோசெக்கனாகித் துடிப்பின் முழுக் காலத்தையும் விழுங்கவரும். 325 கிலோமீற்றர் சென்றால் விரிவு 442 பிக்கோசெக்கன். அஃதாவது, துடிப்பு தன் அயலிலுள்ள நான்கு துடிப்புகளுக்கு மேல் மூடிவிடும்.

நம் ஊர்த் தூரங்களில் இதனைச் சொல்வோம். திருத்தம் எதுவுமின்றிக் கொழும்பிலிருந்து இவ்வேகத்தில் அனுப்பும் செய்தி சிலாபத்தை அண்மிக்கும்போதே தடுமாறும். புத்தளத்திற்குத் தெளிவாக வந்துசேராது. வேகத்தை நான்கு மடங்காக்கினால் தூரம் நான்கிலொன்றாகும் என எண்ணுவோம். அவ்வாறன்று, பதினாறிலொன்றாகும். நிற வேறுபாடு நான்மடங்காகின்றது, துடிப்பின் காலமும் நான்கிலொன்றாகின்றது என்பதே காரணம். அப்போது செய்தி களனி ஆற்றுப் பாலத்தளவிலேயே கெட்டுவிடும். வேகத்தைப் பத்து மடங்காக்கினாலோ கொழும்புக் கோட்டையிலிருந்து புறக்கோட்டையைத் தாண்டுமுன்னரே கெடும். தொம்சன் நீளத்திற் கண்ட அவ்வர்க்க விதி, ஒளிநாரில் வேகத்தைப் பற்றி மீண்டும் எழுந்தது.

பாதையைத் திருத்தல்

முதலிற் கண்ட பரிகாரம் பாதையைத் திருத்துதல். ஒருவகை நாரில் முந்திச் செல்லும் கூறு, எதிரியல்புடைய வேறொருவகை நாரிற் பிந்திச் செல்லும். ஆகவே இவ்விருவகை நாரையும் அளவறிந்து மாறிமாறி இணைத்தால், பிரிந்தவை மீண்டும் ஒன்றுசேரும். 2000 ஆம் ஆண்டினையொட்டி இடப்பட்ட நெடுங்கடல் வடங்கள் இம்முறையைப் பெரிதும் நம்பியிருந்தன. ஆயினும் திருத்த நார் ஒளியை மேலும் விழுங்குவது. அன்றியும் அது குறித்த வேகத்திற்கென அளந்து அமைக்கப்பட்டது. பின்னர் வேகத்தைக் கூட்ட விரும்பினால், ஆழ்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கிடக்கும் வடத்தை எடுத்துத் திருத்துவது எங்ஙனம்?

கேட்குமிடத்தில் திருத்தல்

ஆகவே பாதையை அப்படியே விட்டு, செய்தி வந்துசேரும் முனையில் இலத்திரனியற் சுற்றுகளைக்கொண்டு திரிபை நீக்கும் முறை எழுந்தது. இதன் அடிப்படை புதிதன்று. தொலைபேசிக் கம்பிகளின் திரிபைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் கருவியை 1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் றொபேட் லக்கி என்பார் ஆக்கினார். 2000 ஆம் ஆண்டின் பின்னர் அதே கருத்து ஒளிநாருக்கு வந்தது.

இதனை விளக்கத் தமிழ் மாணவர்க்குப் புணர்ச்சியிலக்கணமே போதும். பொன், குடம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பொற்குடம் ஆகின்றன. நிலைமொழியின் ஈறு வருமொழியின் முதலாலே திரிந்துவிட்டது. ஒளித்துடிப்பும் அவ்வாறே அயற்றுடிப்பால் திரிகின்றது. விதி தெரிந்தவர் பொற்குடத்தைப் பொன், குடம் எனப் பிரித்துவிடுவர். முந்திய துடிப்பு இன்னதென்று தீர்மானித்தவுடன், அது அடுத்ததன்மேல் எவ்வளவு படிந்திருக்கும் என்று கணித்துக் கழித்துவிடும் சுற்று ஒருவகை.

ஆயின் கற்குடம் என்னும் சொல்லைப் பாருங்கள். அங்கும் அதே றகர மெய். ஆனால் அது கல் என்பதன் லகரம் திரிந்து வந்தது. றகர மெய்யை மட்டும் தனியே நோக்கினால் அது னகரமோ லகரமோ என்று துணிய இயலாது. சொல் முழுவதையும், வேண்டின் தொடர் முழுவதையும் நோக்கிய பின்னரே எது பொருந்தும் என்று தெளிவோம். இலத்திரனியற் சுற்றுகளுள்ளும் இவ்வகை உண்டு. ஒவ்வொரு துடிப்பையும் தனித்துத் தீர்ப்பிடாது, பல துடிப்புகளை ஒருங்கே வைத்து, வந்துள்ள வடிவத்தை எத்தொடர் உண்டாக்கியிருத்தல் மிக இயலும் என்று ஆராய்ந்து, அதனையே செய்தியெனக் கொள்ளும்.

எனினும் இத்திருத்தங்களுக்கு ஓரெல்லை இருந்தது. ஒளியை மின்னாக மாற்றும் பழைய வாங்கி, ஒளியின் வலிமையை மட்டுமே அளந்தது. அலையொன்றுக்கு வலிமையோடு அவத்தையும் உண்டு. எக்கணத்தில் ஏறுகின்றது, எக்கணத்தில் இறங்குகின்றது என்பதே அவத்தை. எக்கூறு முந்திற்று, எக்கூறு பிந்திற்று என்னும் சான்று அவத்தையிலேதான் உள்ளது. அதனைக் கேளாது விட்டபின் எத்தனை நுண்ணிய சுற்றாலும் முழுமையாக மீட்க இயலவில்லை; செய்தி செல்லத்தக்க தூரம் ஓரளவே கூடிற்று.

2008 ஆம் ஆண்டளவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த புதிய வாங்கி இக்குறையைத் தீர்த்தது. அது வந்த ஒளியோடு தன்னிடமுள்ள வேறொரு லேசர் ஒளியைச் சேர்த்து ஒப்புநோக்கும். அதனால் வலிமையும் அவத்தையும், ஒளியலை அதிரும் இரு திசைகளும் தனித்தனி வெளிப்படும். வினாடிக்கு 5,000 கோடிக்கு மேற்பட்ட முறை அவற்றை அளந்து எண்களாக்கி, நகத்தளவான சில்லொன்று கணக்கிட்டுத் திரிபை நீக்கும். கடலில் எதிரியல்பு நார் செய்த வேலையை இச்சில்லு எண்களால் செய்துவிடுகின்றது. வெப்பத்தாலும் அசைவாலும் நாரில் நேரும் சிறு மாற்றங்களையும் அது இடையறாது கவனித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இதன் பயனை நம் கடல்சார்ந்த வடத்திலேயே காணலாம். மேற்கூறிய நான்காவது வடம், நிறமொன்றுக்கு வினாடிக்கு 1,000 கோடி குறிகளைச் சுமக்கத் தொடங்கியது. பின்னர் அது 4,000 கோடிக்கும், 2015 ஆம் ஆண்டளவில் 10,000 கோடிக்கும் உயர்த்தப்பட்டது. கடலடியிற் கிடந்த நார் அதே நார். கரையிலுள்ள முனைக் கருவிகளே மாறின.

வியப்பு இத்துடன் முடியவில்லை. நாரில் ஒளியின் வலிமையைக் கூட்டினால், அவ்வொளியே கண்ணாடியின் இயல்பைச் சற்று மாற்றிப் புதிய திரிபை உண்டாக்கும். வைற்ஹவுசின் பிழை இங்கும் தண்டனை பெறுகின்றது. துடிப்புகள் விரிந்து பரந்து சென்றாலோ, ஓரிடத்தில் ஒளி குவியாமையால் இத்தீங்கு குறையும். ஆகவே அண்மைக்கால நெடுங்கடல் வடங்களில் நிறப்பிரிகையைத் தவிர்க்க முயலாது, அது மிக்க நாரையே தெரிந்து இட்டு, திருத்தம் முழுவதையும் கேட்குமிடத்திற்கு விட்டுவிடுகின்றனர். முன்னர் நோயெனக் கருதியது இப்போது காப்பாகிவிட்டது.

இலத்திரனியலாலும் ஆகாதது ஒன்றுண்டு. இரைச்சலில் மூழ்கிய செய்தியை எந்தத் திரிபுநீக்கியும் மீட்காது. வழியிலுள்ள பெருக்கிகள் ஒளியைப் பெருக்கும்போது சிறிது இரைச்சலையும் சேர்க்கின்றன. அதற்கு விதியில்லை, எனவே கழிக்கவும் வழியில்லை. எந்தத் தொடர்புப் பாதைக்கும் இரைச்சல் ஓரெல்லை வகுக்கின்றது என்பதை 1948 ஆம் ஆண்டிற் குளோட் சனன் நிறுவினார். அவ்வெல்லைக்குட்பட்டே எல்லாக் கருவிகளும் இயங்குகின்றன.

தமிழாசிரியன் கற்றது

என் வகுப்பில் கடற்றொழிலாளர் குடும்பத்து மாணவனொருவன் இருந்தான். அவன் விடைத்தாள் சிவப்பு மையால் நிறைந்துவிடும். பிழைகளை எண்ணிக் கடிந்தேன். குரலை உயர்த்தியும் கடிந்தேன். பயன் விளையவில்லை. மேற்கூறியவற்றைக் கற்ற பின்னர், அவனுடைய தாளொன்றை எடுத்து மீண்டும் வாசித்தேன். "வாளை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்" என்று எழுதியிருந்தான். நம் கரையில் வாளை மீன், மரமன்று. அவன் நாவில் ழகரம் இல்லை. கேட்டபடி ழகரம் வருமிடமெல்லாம் ளகரமே எழுதியிருந்தான். ஓரிடத்திற்கூட மாறவில்லை. இஃது இரைச்சலன்று, விதியுள்ள திரிபு. அவ்விதியைத் தெரிந்துகொண்டு படித்தபோது தாள் முழுவதும் தெளிந்தது. தந்தையோடு கரைவலை இழுத்த ஒரு விடியற்காலையை அவன் எழுதியிருந்தான். அவ்வகுப்பில் அத்தகைய கட்டுரையை வேறெவரும் எழுதவில்லை. யானோ அதற்கு முன்னர் இட்ட புள்ளி இருபது.

அதன்பின் அவனுக்குக் கற்பித்தது எளிதாயிற்று. நூறு பிழை என்று அஞ்சியவனுக்கு, உன் பிழை ஒன்றே, அது இது என்று காட்டினேன், ஓராண்டில் திருந்தினான். அத்தாளை இன்றும் வைத்திருக்கின்றேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு சொல். ஒளிநாரைப் பற்றிய இப்பாடம் உயர்தர வகுப்புப் பௌதிகவியலோடும் கணிதத்தோடும் தொடர்புடையது. அலை, அரியம், வர்க்கம் ஆகியவற்றை நன்கு கற்றவர்க்கு அயலானதன்று. நம் பழைய மாணவருள் இத்துறையில் உயர்ந்து விளங்குவோர் உளர். அவர்கள் ஆண்டுக்கொருநாள் நம் ஆய்வுகூடத்திற்கு வந்து, கையளவு நாரும் ஒரு லேசர் விளக்கும் கொண்டு, இவற்றைத் தமிழிலே காட்டிச் சொல்வாராயின், விழாவின் நினைவாக அதனினும் சிறந்த கொடை வேறு வேண்டுவதில்லை.

கல்லூரி நீடு வாழ்க.